மலை முன்பே சொல்லிற்று!

“எதிர்பாராத விபத்து!”

பாறை சரிந்து பாட்டாளி மாண்ட ஒவ்வொரு முறையும், குத்தகைதாரரின் வாயிலிருந்தும் இலாகாக்களின் அறிக்கையிலிருந்தும் ஒரே குரலில் வருகின்ற சொற்கள் இவை. எதிர்பாராதது என்று சொல்லிவிட்டால் எவரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. விபத்து என்று எழுதிவிட்டால் கோப்பைக் கட்டி மூலையில் வைத்துவிடலாம். மாண்டவன் வீட்டுக்கு ஒரு மலர்வளையம், ஒரு காசோலை, ஓர் அனுதாபச் செய்தி. அத்துடன் கதை முடிந்தது. பிறகு, அதே போன்ற குழியில் வேறொரு தாயின் மகன் துளைபோடும் எந்திரத்துடன் நின்று கொண்டிருப்பான்!

2022ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் இரவு. நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரி. முந்நூறு அடி ஆழம் என்று பேசப்பட்ட குழி. அதற்குள் ஆறு தொழிலாளர். மேலிருந்து பாறைகள் சரிந்தன. இருவர் உயிருடன் மீண்டனர். நால்வர் பிணமாக வந்தனர். மீட்புப் படையினர் இறங்கிய பின்னரும் கற்கள் உதிர்ந்தவண்ணம் இருந்தமையால், மீட்க வந்தவர்களே ஒதுங்கி நிற்க நேர்ந்தது. கடைசி உடலை வெளியே கொண்டுவர ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. அதன் பின்னர் மாவட்டத்துக் குவாரிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆய்வுக் குழுக்கள் புறப்பட்டன. நல்லது, மிக நல்லது! ஆனால் நாம் கேட்கிறோம்: மே 15ஆம் நாள் பார்க்க முடிந்த பாறையை மே 13ஆம் நாள் ஏன் பார்க்க முடியவில்லை? இடைப்பட்ட இரண்டு நாளில் மலைக்கு வயதாகிவிட்டதா?

மூன்றாண்டுகள் உருண்டன. 2025 மே 20. சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டை. மீண்டும் கல்குவாரி, மீண்டும் பாறைச் சரிவு, ஆறு தொழிலாளர் பலி. மீண்டும் அதே இரண்டு சொற்கள்!

எதிர்பாராதது என்பது பொய். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது நம் பழமொழி. சரிவும் அப்படித்தான், அது மணியடித்துவிட்டே வருகிறது. அந்த மணியோசையைக் கேட்க ஓர் ஆளை நியமிக்காதவன், கேட்டும் வாய்திறக்காதவன், வாய் திறந்தவனை வேலையைவிட்டு விரட்டியவன் — இவர்கள்தாம் குற்றவாளிகள். மலை குற்றவாளி அல்ல.

மலையில்லா ஊருக்கு மலைக் கதை எதற்கு?

“கோவில்பட்டிச் சீமையிலே மலை ஏது, சுரங்கம் ஏது? தையல் எந்திரம் ஓடும் புதியம்புத்தூருக்குப் பாறைச் சரிவைப் பற்றி என்ன கவலை?” என்று கேட்கும் நண்பர்கள் இருக்கலாம். சொல்கிறோம். புதியம்புத்தூரின் வீடுகளைத் தாங்கும் ஜல்லி வானத்திலிருந்து பொழிந்ததன்று. மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே விரிந்து கிடக்கும் நான்குவழிச் சாலையின் அடியிலே கிடக்கும் கல்லும், தூத்துக்குடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரிலே குவிந்து கிடக்கும் பாறையும் எங்கோ ஒரு குழியிலிருந்துதான் வந்தன. அக் குழியிலே இறங்கியவன் நம்மைப் போன்ற ஏழை. மானம் பார்த்த பூமி மழையின்றி மோசம் செய்யும்போது, மண்வெட்டியை வைத்துவிட்டுச் சம்மட்டியைத் தூக்கியவன். கல் நமக்கு, சாவு அவனுக்கு என்றால், அதைப் பற்றி நமக்குக் கவலையில்லை என்று சொல்ல நாக்கு எழுமா?

இன்னொன்றும் உண்டு. சரிவைக் கணிக்கும் கலையைக் கரிசல்காட்டானுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலம் இது. முதல் மழை பெய்ததும் அந்த வெடிப்பு வழியே நீர் உள்ளே இறங்குகிறது. மண் நீரைக் குடித்து உப்புகிறது, கனக்கிறது, வழுக்குகிறது. வெட்டிய கரை அப்படியே அமர்ந்துவிடும் என்பதை இங்கே கிணறு வெட்டிய ஒவ்வொருவனும் அறிவான். ஆகவே மேல்மண்ணைச் செங்குத்தாக அவன் வெட்டுவதில்லை. சாய்த்து வெட்டுகிறான், படிவிட்டு இறங்குகிறான். தோண்டிய மண்ணை விளிம்பிலே குவிப்பதில்லை. தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுகிறான். அடிக்கரையைக் குடைந்துவிட்டு மேற்கரை நிற்கும் என்று நம்புவதில்லை. கெட்டிப் பாறை தட்டிய பிறகே நேராக இறங்குகிறான்.

இந்த அறிவைத்தான் 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் எழுத்தில் வைத்தன. அதன் 106ஆவது விதியை எடுத்துப் பாருங்கள். பொலபொலத்த மண்ணென்றால் 45 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்கக் கூடாது. அல்லது ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத படிகளாக வெட்ட வேண்டும். கெட்டிப் பாறையென்றாலும் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் உதிரிக் கல்லோ குப்பை மண்ணோ கிடக்கக் கூடாது. முகப்பின் அடியைக் குடைந்து மேலே தொங்கவிடக் கூடாது. பள்ளிக்கூடம் பாராத கிணற்று வேலைக்காரனுக்குத் தெரிந்தது, பட்டம் பெற்ற மேலாளர்களுக்கும் கோடி ரூபாய்க் குத்தகைதாரர்களுக்கும் தெரியாமற் போயிற்றா? தெரியும். ஆனால் படி விட்டால் அந்தப் படியின் அளவுக்குக் கல் குறையும். கல் குறைந்தால் காசு குறையும். படிக்கட்டின் அகலத்தில் இலாபம் ஒளிந்திருக்கிறது, தோழர்களே! மனித உயிர் அந்த அகலத்தில்தான் அடகு வைக்கப்படுகிறது.

தேவாலாவில் திறந்து கிடக்கும் வாய்கள்

ஓடுகின்ற குவாரிக்கே இந்தக் கதி என்றால், ஓடி ஓய்ந்து கைவிடப்பட்ட சுரங்கங்களின் கதி என்ன? அதைப் பார்க்க நீலகிரி மாவட்டத்தின் மேற்கு மூலைக்குச் செல்ல வேண்டும். தேவாலா, பந்தலூர், சேரம்பாடி — இன்று தேயிலை விளையும் இந்த மலைச்சரிவுகளில் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் தங்க வெறி தலைவிரித்தாடிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரஃப் ஸ்மித் என்ற நிபுணர் 1880இல் அறிக்கை தந்தார். இலண்டன் மாநகரில் கம்பெனிகள் காளான்களாக முளைத்தன. பங்குகள் சூடாக விற்றன. மலையைக் குடைந்து சுரங்க வழிகள் ஓடின. சில ஆண்டுகளுக்குள் குமிழி உடைந்தது. எதிர்பார்த்த தங்கம் இல்லை. கம்பெனிக்காரர்கள் எந்திரங்களையும் போட்டுவிட்டுக் கப்பலேறினர்.

பங்கு விற்றவன் பணத்தோடு போனான். குடைந்த வாயை மூட எவன் வந்தான்? ஒருவனும் வரவில்லை! நூற்று நாற்பது ஆண்டுகள் கடந்தும் அச் சுரங்க வாய்களிற் பல தேயிலைச் செடிகளுக்கும் புதர்களுக்கும் இடையே கிடக்கின்றன. அவற்றுக்குள் நுழைந்து பொன்துகள் தேடியவர்கள் மண் சரிந்தும் மூச்சு முட்டியும் மாண்டதுண்டு.

சுரங்கத்தின் வாய்தான் சுரங்கத்தின் மிகவும் நலிந்த இடம். ஏன்? மலையின் உட்புறத்துப் பாறை கெட்டியாக இருக்கும்; வெளிப்புறம் வெயிலாலும் மழையாலும் உளுத்து, பாதி மண்ணாகி நிற்கும். அந்த உளுத்த தோலைத்தான் வாயில் வெட்டப்படும்போது முதலில் அறுக்கிறார்கள். சரிவைத் தாங்கி நிற்கும் அடிப்பாகம் பறிபோகிறது. முட்டுக் கொடுத்த மரம் மக்கிப்போகிறது. குடைந்தெடுத்த கழிவு மண்ணைத் தொலைவுக்குச் சுமக்க மனமின்றி வாயிலுக்குப் பக்கத்திலேயே கொட்டியிருப்பார்கள். மேலே பெய்யும் மழை வெடிப்புகள் வழியே இறங்கி, அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே புகுந்து தள்ளும். பாறையடுக்குகள் வெட்டுமுகத்தை நோக்கிச் சாய்ந்திருந்தாலோ, சட்டம் இழந்த கூரையின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கி வரும்.

அடையாளங்கள் என்ன? மேல் விளிம்புக்கு இணையாக ஓடும் வெடிப்பு. நேராக நின்ற மரம் சாய்தல். சரிவின் அடிவாரம் வயிறுபோல் புடைத்தல். தெளிந்து வந்த ஊற்று கலங்கி வருதல். காற்றில்லாத வேளையிலும் பொடிக்கல் உதிர்தல். இவற்றைக் கண்டுகொள்ள வெளிநாட்டு நிபுணர் வரவேண்டியதில்லை. வெடிப்பின் இருபுறமும் இரண்டு முளை அடித்து, இடைவெளியை அளந்து, நாளும் நேரமும் குறித்து வைக்க வேண்டும். வாரந்தோறும் அளக்க வேண்டும். மழைக்குப் பிறகு நாள்தோறும் அளக்க வேண்டும். இடைவெளி வளர்ந்தால் மலை நகர்கிறது என்று பொருள். வளரும் வேகமே கூடிக்கொண்டு போனால், அங்கே ஓர் ஆளும் நிற்கக் கூடாது என்று பொருள். பெருஞ் சுரங்கங்களிலே மில்லிமீட்டர் அசைவையும் காட்டிக்கொடுக்கும் ரேடார்க் கருவிகள் இன்று வந்துவிட்டன. இரண்டு முளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்துக்குமே வழியில்லாத இடங்களில் ரேடாரைப் பற்றி யார் பேசுவது?

ஆபர்ஃபான் தந்த பாடம்

“இயற்கையின் சீற்றத்தை யார் தடுக்க முடியும்?” என்று பேசுவோருக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவோம். பிரிட்டனில், வேல்ஸ் நாட்டில், ஆபர்ஃபான் என்ற நிலக்கரி ஊர். ஊருக்கு மேலே மலைமீது சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்தார்கள். 1958இல் தொடங்கிய ஏழாவது மேடு ஓர் ஊற்றின் மீதே எழுந்தது. கழிவுச் சேறு பள்ளிக்கூடத்தின் பின்புறம் கொட்டப்படுவது ஆபத்து என்று உள்ளூர் மன்றத்தினர் 1963லேயே கடிதம் எழுதினர். கடிதம் கோப்பிலே உறங்கிற்று. 1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகள் வகுப்பில் அமர்ந்த வேளையில் மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மீது பாய்ந்தது. 144 உயிர்கள்! அவர்களில் 116 பேர் குழந்தைகள்!

நிலக்கரி வாரியத்தின் தலைவர் ராபன்ஸ் பிரபு என்ன சொன்னார்? மலைக்கு அடியில் எவரும் அறியாத ஊற்று இருந்ததாம்! விசாரணை மன்றம் அந்தப் பொய்யைத் துகள்துகளாக்கிற்று. ஊற்று நிலப்படத்திலேயே இருந்தது. ஊரார் அனைவரும் அறிந்திருந்தனர். பழி வாரியத்தின் மீதே என்று 1967இல் தீர்ப்புரைத்தது. ஆயினும் எவரும் சிறை செல்லவில்லை; எவர் வேலையும் போகவில்லை. அதைவிடக் கொடுமை: எஞ்சியிருந்த மேடுகளை அகற்றும் செலவுக்கென, இறந்த குழந்தைகளின் பெயரால் உலகம் திரட்டித் தந்த நிதியிலிருந்தே ஒன்றரை இலட்சம் பவுனைப் பிடுங்கினர். அதைத் திருப்பித் தர 1997 வரை ஆயிற்று! அங்கும் “அறியாத ஊற்று”, இங்கும் “எதிர்பாராத விபத்து”. கடல் கடந்தாலும் இந்தப் பொய்க்கு முகம் ஒன்றுதான்.

கழிவு மேடு நமக்கும் புதிதன்று. தமிழ்ப் பாட்டாளிகள் தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்து உருவாக்கிய கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. சம்பளப் பட்டியல் நின்றது. மலைபோல் குவிந்த சயனைடு மேடுகள் நின்றபடியே நிற்கின்றன. காற்றடித்தால் தூசு, மழை பெய்தால் கரைசல், இரண்டும் மக்கள் வீட்டுக்கு! தங்கம் ஏற்றுமதியாயிற்று, மேடு தமிழனுக்குப் பரிசாயிற்று.

வருவாய்க்கு ஓர் இலாகா, உயிருக்கு ஓர் இலாகா

சட்டம் இல்லையா? உண்டு. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்திலே தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பெரிய கனிமச் சுரங்கங்களுக்கு மூடல் திட்டம் கட்டாயம் என்று 2003லேயே விதி வந்தது. ஆனால் கருங்கல்லும் ஜல்லியும் “சிறு கனிமம்”. அவற்றின் குத்தகை மாநிலத்தின் 1959ஆம் ஆண்டு விதிகளின் கீழ் நடக்கிறது. குத்தகை தருவதும் கட்டணம் வாங்குவதும் மாநிலக் கனிம இலாகா. பாதுகாப்பைப் பார்ப்பதோ, தொலைதூரத் தன்பாதைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம். வருவாய்க்குக் கை பக்கத்தில் நீள்கிறது. உயிருக்குக் கண் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது! சரிவு ஏற்பட்டதும் இவர் அவரைக் காட்டுவார். அவர் இவரைக் காட்டுவார். இரண்டு விரல்களுக்கும் நடுவே பிணம் கிடக்கும்.

“திருட்டுத்தனமாகச் சுரங்கத்தில் நுழைந்தவன் செத்தால் அதற்கு யார் பொறுப்பு?” என்று கேட்கும் கனவான்களுக்கும் ஒரு சொல். பொத்தலைத் திறந்து போட்டுவிட்டுப் போன கம்பெனி முதலாளி வரலாற்றுப் புத்தகத்தில் இடம் பெற்றான். பசியால் அந்தப் பொத்தலுக்குள் தலைநீட்டியவன் போலீஸ் பதிவேட்டில் இடம் பெறுகிறான். திறந்த கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பாதவன் குற்றவாளியா, அதில் தவறி விழுந்தவன் குற்றவாளியா?

“மண்ணைத் தள்ளி மூடிவிட்டோமே!” என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. வடிகால் வைக்காமல் மண்ணைத் திணித்து மூடுவது, நோயை மூடுவதாகும். உள்ளே ஊறும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கும். தேங்கிய நீர் அழுத்தும். ஒரு மழைக்காலத்தில் அடைப்பையும் சரிவையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வரும். கைவிட்ட பழைய சுரங்கத்தில் தேங்கும் நீர் என்ன செய்யும் என்பதைச் சாஸ்நாலா காட்டிற்று. 1975 டிசம்பர் 27இல் அங்கே பாய்ந்த வெள்ளம் 375 தொழிலாளரைக் கொண்டுபோயிற்று. வாயிலை மூடுவதென்றால் வடிகுழாய் வைத்துக் கல்கட்டடத்தால் அடைக்க வேண்டும். சரிவின் மேலே நீரைத் திருப்பிவிடும் ஓடை வெட்ட வேண்டும். செங்குத்தைச் சீவிச் சாய்க்க வேண்டும். வெட்டிவேர் போன்ற ஆழவேர்ப் புல்லை நட்டு மண்ணைப் பிடிக்கச் செய்ய வேண்டும். 2009 நவம்பர் மழையில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை மண்சரிவுக்குக் காவுகொடுத்த மாவட்டம் நீலகிரி என்பதை ஆட்சியாளர் மறக்கலாம், நாம் மறக்கலாகாது.

“கடுமையாகக் கட்டுப்படுத்தினால் குவாரிகள் மூடிவிடும், ஏழைகளின் பிழைப்பு போய்விடும்” என்பது கடைசி அம்பு. ஏழையின் பிழைப்பின்மீது திடீரென்று இவர்களுக்குப் பொங்கும் பரிவு கண்கொள்ளாக் காட்சி! அடைமிதிப்பான்குளத்தில் குவாரிகளை நிறுத்தியது எது? கட்டுப்பாடா, கட்டுப்பாடின்மையா? சரிவு நேர்ந்ததால்தான் வேலை நின்றது. சரிவைத் தடுத்திருந்தால் வேலையும் நின்றிருக்காது, உயிரும் போயிருக்காது.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: தமிழகத்தில் கைவிடப்பட்ட ஒவ்வொரு சுரங்க வாய்க்கும் ஒவ்வொரு குவாரிக் குழிக்கும் கணக்கெடுப்பு, ஊர்தோறும் மக்கள் பார்க்கத்தக்க பதிவேடு.

இரண்டு: ஓடும் குவாரிகளில் சரிவு ஆய்வு, ஆய்ந்தவர் கையொப்பத்துடன், தெளிந்த தமிழில், குழியின் வாயிலிலே பலகையில் எழுதி வைத்தல். பெயர் எழுதியவனுக்குத்தான் பொறுப்பு பிறக்கும்.

மூன்று: ஆபத்தைக் கண்டு வெளியேறும் தொழிலாளிக்கு அன்றைய கூலி. ஆபத்தைத் தெரிவிக்கும் உரிமையை ஏட்டிலே தந்துவிட்டு, வெளியே வந்தால் வயிற்றில் அடிப்பது உரிமையாகாது.

நான்கு: குத்தகை தரும் நாளிலேயே மூடும் செலவுக்கான முன்பணம். கல்லை எடுக்கும் முன்னரே குழிக்கு விலை வைக்கட்டும்.

ஐந்து: கட்டணம் வாங்கும் இலாகாவும் பாதுகாப்பு இயக்ககமும் சேர்ந்து ஆண்டுதோறும் மழைக்கு முன் ஆய்வு, அறிக்கை சட்டமன்றத்தின் முன்னே.

இவை பேராசையா? வ.உ.சிதம்பரனாரை ஈன்றது புதியம்புத்தூருக்குப் பக்கத்து ஓட்டப்பிடாரம். 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் அவர் பின்னே திரண்டு வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வையும் ஞாயிறு ஓய்வையும் பெற்றனர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கேட்பதே அன்று துணிச்சல்! கேட்டார்கள், பெற்றார்கள். உயிரோடு வீடு திரும்பும் உரிமையை இன்று கேட்பது மட்டும் மிகையாகிவிடுமா?

தோழர்களே! தீர்மானம் போட்டுவிட்டு ஓய்ந்துவிடலாகாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கைவிட்ட குழி எங்கே இருக்கிறது என்று கிளைக் கழகம்தோறும் கணக்கெடுங்கள். விளிம்பை நெருங்காமல் தூர நின்று பாருங்கள். வேலி உண்டா, விளிம்பில் வெடிப்பு உண்டா, மாடு மேய்க்கும் சிறுவர் குளிக்க இறங்கும் நீர் தேங்கியிருக்கிறதா என்று எழுதுங்கள். கிணறு வெட்டிய பெரியவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். மண்ணின் மொழி அவர்களுக்குத் தெரியும். எழுதியதை மாவட்ட ஆட்சியரிடம் கொடுங்கள். கொடுத்ததற்குச் சான்றுச் சீட்டு வாங்குங்கள். நாளை ஒரு கல் உருண்டால், “எங்களுக்குத் தெரியாது” என்று சொல்ல எவருக்கும் வாய் இருக்கக் கூடாது!

மலை தன் கடமையைச் செய்கிறது. வெடித்துக் காட்டுகிறது, சாய்ந்து காட்டுகிறது, கலங்கிக் காட்டுகிறது. அது காட்டுவதை ஏட்டில் ஏற்றி, ஆளுவோர் முகத்துக்கு நேரே நீட்டுவது நம் கடமை. புறப்படுவீர், நோட்டும் பென்சிலும் எடுத்து!